உடலும் அமானிதம், உடலின் செய்தியும் அமானிதம்



வல்ல நாயன் அல்லாஹுத் தஆலாவைப் புகழ்ந்து, நம் உயிரினும் மேலான ரசூலுல்லாஹி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீது ஸலவாத்தும் ஸலாமும் கூறித் தொடங்குகிறோம். இம்முறை ஒரு புதிய விஷயத்தை நம் மார்க்கத்தின் பழைய தராசில் வைத்து நிறுத்துப் பார்க்க விரும்புகிறோம்.

விஷயம் இதுதான். உடற்பருமன் மிகுந்து, அதனால் பல பிணிகளுக்கு ஆளானவர்கள், இரைப்பையைச் சிறிதாக்கும் ரண சிகிச்சையை இக்காலத்தில் செய்துகொள்கிறார்கள். நம் சமூகத்திலும் செய்துகொள்கிறார்கள். அவர்களிற் பலர் அச்செய்தியைத் தம் முதலாளியிடமும், கூட வேலை பார்ப்பவர்களிடமும் சொல்லாமல் மறைத்து வைக்க விரும்புகிறார்கள். இப்படி மறைப்பது ஆகுமா? பொய்யில் சேர்ந்துவிடுமா? சம்பளம் கொடுக்கிற முதலாளிக்கு அதைத் தெரிந்துகொள்ளும் ஹக்கு உண்டா? இக்கேள்விகள் சிப்பந்திகளுக்கு மட்டும் உரியவை என்று எண்ணிவிட வேண்டாம். நம்மிற் பெரும்பாலோர் நாலு பேருக்குப் படியளக்கும் இடத்தில் இருக்கிறோம். ஆகவே இக்கேள்விகள் நம் கல்லாப்பெட்டிக்கு முன்னால் வந்து நிற்கின்றன.

முதலில் பிணியைப் பற்றி இரண்டு வார்த்தை. மலேசிய அரசாங்கம் 2019ஆம் ஆண்டில் நடத்திய தேசிய சுகாதார ஆய்வின்படி, வயது வந்தவர்களில் 50.1 விழுக்காட்டினர் அளவுக்கு மீறிய எடையோடு இருந்தார்கள். அதாவது இரண்டு பேரில் ஒருவர். அதே ஆய்வில், ஏறக்குறைய ஐந்து பேரில் ஒருவருக்கு நீரிழிவு இருந்தது. நம் வியாபாரிகளின் வாழ்க்கையோ இப்பிணிக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைப்பது போல் இருக்கிறது. விடிந்தால் கடை, நாள் முழுவதும் உட்கார்ந்த இடம், வருகிறவர் போகிறவரோடு சர்க்கரைப் பால் ஊற்றிய தேநீர், கடை அடைத்த பிறகு நடு இரவில் வயிறு நிறையச் சோறு, அப்படியே படுக்கை.

உண்ணுங்கள், பருகுங்கள், ஆனால் வரம்பு மீறாதீர்கள் என்ற கட்டளையை சூரா அஃராபின் 31ஆம் வசனத்தில் காண்கிறோம். மனிதன் நிரப்பும் பாத்திரங்களில் வயிற்றைவிடக் கெட்டது வேறில்லை என்றும், நிரப்பியே தீரவேண்டுமானால் உணவுக்கு ஒரு பங்கு, தண்ணீருக்கு ஒரு பங்கு, மூச்சுக்கு ஒரு பங்கு என வைத்துக்கொள்ளவேண்டும் என்றும் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்ததை மிக்தாம் (ரலி) அவர்கள் அறிவித்து, அது திர்மிதியில் பதிவாகியிருக்கிறது. இந்த உபதேசம் நாம் ஒவ்வொருவரும் நம் தட்டுக்கு முன்னால் நினைத்துக்கொள்ள வேண்டியது. பருத்த சகோதரன் ஒருவனைக் கண்டவுடன் அவன் தலையில் போடுவதற்கு அதைத் தடியாக எடுக்கக் கூடாது. ஏனெனில் பருமனுக்குப் பெருந்தீனி ஒன்றே காரணமன்று. பரம்பரை, தூக்கக் குறைவு, சுரப்பிகளின் கோளாறு, வேறு நோய்க்காகச் சாப்பிடும் மருந்து ஆகிய பலவும் காரணங்களாகும். பட்டினி கிடந்து எடையைக் குறைத்தாலும், உடம்பு பசியைக் கூட்டி இழந்ததைத் திரும்பப் பிடிக்கப் பார்க்கிறது.

இதற்கான ரண சிகிச்சையில் இரண்டு முறைகள் பெருவழக்கில் உள்ளன. ஒன்றில், இரைப்பையில் ஏறக்குறைய முக்கால் பாகத்துக்கு மேல் வெட்டி அகற்றிவிட்டு, எஞ்சியதைக் குழாய் போல் ஆக்குகிறார்கள். பசியைத் தூண்டும் சுரப்பு பெரும்பாலும் அகற்றப்படும் பாகத்திலிருந்தே வருவதால், பசியும் குறைகிறது. மற்றொன்றில், இரைப்பையின் மேற்பக்கத்தில் ஒரு சிறு பையை உண்டாக்கி, அதைச் சிறுகுடலோடு நேரே இணைக்கிறார்கள். சிறு துவாரங்களின் வழியே செய்வதால், பலர் சில நாட்களில் வீடு திரும்புகிறார்கள். ஆனால் காரியம் அத்தோடு முடிவதில்லை. முதற் சில வாரங்கள் நீராகாரம், பிறகு மசித்த உணவு, அதன் பிறகே கெட்டியான உணவு. சில வாரங்களுக்குக் கனமான சுமை தூக்கலாகாது. ஒரு வேளைக்குச் சில கவளங்களே இறங்கும். சத்து மாத்திரைகளை ஆயுள் முழுதும் உண்ணவேண்டும். இரத்தப் பரிசோதனையும் தொடர்ந்து செய்துகொள்ள வேண்டும். இதைச் சோம்பேறியின் குறுக்குவழி என்று சொல்லுகிறவர்கள், ஒரு மாதம் அப்படி இருந்து பார்த்தால் நாக்கை அடக்கிக் கொள்வார்கள்.

அல்லாஹ் இறக்கிய நோய்க்கெல்லாம் மருந்தையும் இறக்கியிருக்கிறான், ஆகவே சிகிச்சை செய்துகொள்ளுங்கள், முதுமை ஒன்றுக்கே மருந்தில்லை என்ற கருத்துள்ள ஹதீதை அபூதாவூதிலும் திர்மிதியிலும் காண்கிறோம். உங்கள் கைகளாலேயே உங்களை அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்ற எச்சரிக்கை சூரா பகராவின் 195ஆம் வசனத்தில் இருக்கிறது. நீரிழிவும், மூச்சுத் திணறலும், இருதய நோயும் ஒருவனை அழிவை நோக்கி இழுத்துக்கொண்டு போகும்போது, தேர்ந்த வைத்தியர் அவசியமென்று சொல்லும் சிகிச்சையைச் செய்துகொள்வது பிணி நீக்குவதில் சேரும். அழகுக்காக மட்டும் உடம்பை வெட்டிக்கொள்வது வேறு விஷயம். அப்படிப்பட்ட சந்தேகம் உள்ளவர்கள் ஓர் ஆலிமிடம் தம் நிலையைச் சொல்லித் தெளிவு பெற்றுக்கொள்ளட்டும்.

இனி, இவர்கள் ஏன் மறைக்கிறார்கள்? நம் வாய்க்குப் பயந்துதான் மறைக்கிறார்கள். “வாயைக் கட்ட மாட்டாமல் வயிற்றை வெட்டிக்கொண்டான்” என்று ஒருவர் சொல்வார். “இவ்வளவு பணம் இவனுக்கு ஏது?” என்று மற்றொருவர் கணக்குப் பார்ப்பார். “இனி இவன் மூட்டை தூக்குவானா? வேறு ஆளைப் பார்” என்று முதலாளியின் காதில் ஒருவர் ஓதுவார். எடை குறைந்தால், “நோய் பிடித்துவிட்டது” என்பார்கள். குறையாவிட்டால், “பணம் போச்சு” என்பார்கள்.

இப்னு மஸ்ஊது (ரலி) அவர்களின் மெலிந்த கால்களைக் கண்டு தோழர்கள் சிலர் சிரித்துவிட்டார்கள். அதற்கு நாயகம் (ஸல்) அவர்கள், அந்தக் கால்கள் மீஸானில் உஹது மலையைவிடக் கனமானவை என்று சொல்லி அவர்களைத் திருத்தினார்கள். தராசு பிடித்துப் பிழைக்கிற நமக்கு இதைவிடப் பொருத்தமான பாடம் வேறென்ன வேண்டும்? மெலிந்தவனைப் பார்த்துச் சிரித்தாலும், பருத்தவனைப் பார்த்துச் சிரித்தாலும், சிரிக்கிறவன் பிடித்திருப்பது கள்ளத் தராசு.

மறைக்க அனுமதி உண்டா என்ற கேள்விக்கு வருவோம். உண்டு. ஜக்கரிய்யா (அலை) அவர்கள் தம் முதுமையையும் பலவீனத்தையும் தம் ரப்பிடம் இரகசியமாகவே முறையிட்டார்கள் என்று சூரா மர்யமின் தொடக்கம் கூறுகிறது. யஃகூபு (அலை) அவர்கள், தம் அருமை மகனார் யூசுபு (அலை) கண்ட கனவைச் சகோதரர்களிடம் சொல்லவேண்டாம் என்று தடுத்தார்கள். தன் நிலையை ஊருக்கெல்லாம் அறிவிப்பது ஈமானின் ஷர்த்து அன்று. துருவித் துருவி ஆராய்வதையும், புறம் பேசுவதையும், வீண் சந்தேகத்தையும் சூரா ஹுஜுராத்தின் 12ஆம் வசனம் ஒருசேர விலக்குகிறது. புறம் பேசுவதை, செத்துப்போன சகோதரனின் மாமிசத்தைத் தின்பதற்கு ஒப்பிட்டுக் காட்டுகிறது. ஒரு வீட்டுக்குள் நுழைவதற்கே அனுமதி கேட்கவேண்டும் என்ற மார்க்கம், ஒருவனுடைய வயிற்றுக்குள் என்ன நடந்ததென்று அனுமதியில்லாமல் நுழைந்து பார்ப்பதை ஒப்புமா?

ஆனால் மறைப்பது வேறு; பொய் சொல்லுவது வேறு. இவ்விடத்தில்தான் பலர் கால் தவறுகிறார்கள். “ஊரில் தகப்பனாருக்குச் சீரியஸ்” என்று சொல்லி லீவு வாங்குவதும், நடக்காத குடலிறக்க ஆப்பரேஷனை நடந்ததாகச் சொல்லுவதும், எம்.சி.யில் எழுத்தைத் திருத்துவதும் பொய்யே. அவற்றுக்கு நோய் ஒரு சாக்காகாது.

பின் என்ன செய்வது? ஹிஜ்ரத்தின்போது, அபூபக்கர் (ரலி) அவர்களை வழியில் கண்டவர்கள், கூட வருகிறவர் யாரென்று கேட்டார்கள். இவர் எனக்கு வழிகாட்டுகிறவர் என்று அவர்கள் விடை சொன்னார்கள். கேட்டவர்கள் பாலைவனத்து வழியை எண்ணிக்கொண்டார்கள். சொன்னவரோ நேர்வழியை எண்ணினார்கள். உயிருக்கு ஆபத்தான நேரத்திலும் நாவில் பொய் வரவில்லை, இரகசியமும் வெளியாகவில்லை. இதை புகாரியில் காண்கிறோம்.

நம் சகோதரனும் அப்படியே சொல்லலாம். “வயிற்றில் ஒரு சிகிச்சை. டாக்டர் இத்தனை நாள் லீவு கொடுத்திருக்கிறார். அதற்குப் பிறகும் சில வாரங்கள் கனம் தூக்கக் கூடாதாம்.” இவ்வளவும் உண்மை. மேற்கொண்டு தோண்டினால், “அல்ஹம்துலில்லாஹ், தேவலை. மற்றதை என்னோடு வைத்துக்கொள்கிறேன், நானா” என்று முகமலர்ச்சியோடு சொல்லி முடித்துவிடலாம். “எப்படி இளைத்தீர்கள்?” என்றால், “டாக்டர் சொன்னபடி நடக்கிறேன், சாப்பாடு ரொம்பக் குறைவு” என்று சொல்லலாம். அதுவும் உண்மையே. எல்லா உண்மையையும் சொல்லவேண்டும் என்பது கடமையன்று. சொல்லுவதெல்லாம் உண்மையாயிருக்க வேண்டும் என்பது கடமை.

இனி முதலாளியின் ஹக்கு. தானியக் குவியலுக்குள் நாயகம் (ஸல்) அவர்கள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டியது. ஈரத்தை மேலே வைத்து ஜனங்கள் பார்க்கும்படி விற்றிருக்கலாகாதா என்று கேட்டு, மோசடி செய்கிறவர் நம்மைச் சேர்ந்தவரல்லர் என்று கண்டித்தார்கள். இந்த ஹதீதை அறியாத வியாபாரி நம்மில் இல்லை. அப்படியானால், உடம்பில் உள்ள குறையை மறைத்துக்கொண்டு வேலைக்கு வருகிறவனும் ஈரத்தை மறைத்தவன்தானே என்று ஒரு முதலாளி கேட்கலாம். நியாயமான கேள்வி. இதற்கு விடை யாதெனில், சிப்பந்தி நமக்கு விற்றது தன் உழைப்பை, தன் உடம்பையன்று. உழைப்பில் எந்தப் பங்கு குறையுமோ, அந்தப் பங்கை அவன் ஒளிக்காமல் சொல்லியாக வேண்டும். எத்தனை நாள் வரமாட்டான், எவ்வளவு சுமை தூக்கமாட்டான், தலைசுற்றல் இருந்தால் லாரி ஓட்டலாமா, ஏணியில் ஏறலாமா என்பன முதலாளியின் ஹக்கு. எந்த ஆஸ்பத்திரி, எந்த உறுப்பு, எத்தனை கிலோ, எத்தனை வெள்ளி என்பன அவனுடைய ஹக்கு. ஈரம் சரக்கில் இருந்தால் சொல். வீட்டுக் கிணற்றில் இருந்தால் ஊரார்க்கு என்ன?

நாட்டுச் சட்டமும் ஏறக்குறைய இதே கோட்டில்தான் நிற்கிறது. மலேசியாவில் 2010ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், உடல்நலச் செய்தியைத் தனிப் பாதுகாப்புக்குரிய செய்திகளோடு சேர்த்திருக்கிறது. மலேசியா, சிங்கப்பூர் ஆகிய இரு நாடுகளின் வேலைச் சட்டங்களும், ஆஸ்பத்திரியில் தங்கவேண்டிய நோய்க்கு, உரிய தகுதி பெற்ற தொழிலாளிக்கு ஆண்டில் 60 நாள் வரை சம்பளத்தோடு லீவு கொடுக்கச் சொல்கின்றன. தொழிலாளியும் 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்கு அறிவித்துவிட வேண்டும். ஆகவே சிப்பந்தி செய்யவேண்டியது டாக்டர் சீட்டை ஒழுங்காகக் கொடுப்பது; முதலாளி செய்யவேண்டியது அதை ஒழுங்காக ஏற்றுக்கொள்வது.

இரகசியத்துக்கும் எல்லை உண்டு என்பதையும் சொல்லாவிட்டால் தராசு ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

வியாபாரிகளாகிய நாம் மிகவும் அஞ்சவேண்டிய எல்லை ஒன்று உண்டு. ஒருவர் சிகிச்சையால் இளைத்திருக்கிறார். அவர் கடையிலேயே தேனும், கருஞ்சீரக எண்ணெயும், மெலிவதற்கான பொடியும் விற்பனைக்கு இருக்கின்றன. வாடிக்கைக்காரர் அவரைப் பார்த்து, “இதைச் சாப்பிட்டா இப்படி ஆனீர்கள்?” என்று கேட்கிறார். அவர் புன்சிரிப்போடு சும்மா இருந்துவிடுகிறார். நாலு புட்டி விற்பனையாகிறது. வாய் திறந்து பொய் சொல்லவில்லை என்று அவர் தப்பிக்க முடியாது. அந்த மௌனமே ஈரத் தானியத்தின் மேல் பரப்பிய காய்ந்த தானியம். சிகிச்சையைச் சொல்ல மனமில்லையானால், “இல்லை, நான் இளைத்தது இதனாலன்று” என்ற ஒரு வார்த்தை போதும். இரகசியமும் தங்கும், வியாபாரமும் ஹலாலாயிருக்கும்.

டாக்டரிடம் எதையும் மறைக்கலாகாது. பிற்காலத்தில் வேறொரு நோய்க்குப் போனாலும் முன் நடந்த சிகிச்சையைச் சொல்லவேண்டும். ஏனெனில் சாதாரண வலி மாத்திரைகளிலும் சில, மாற்றியமைத்த இரைப்பையில் புண் உண்டாக்கக்கூடும். தக்காபுல், இன்ஷூரன்ஸ் படிவத்தில் கேள்வி இருந்தால், உள்ளதை எழுதவேண்டும், அது உடன்படிக்கை. நிக்காஹ் பேசும் இடத்திலும், வாழ்க்கைத் துணையாக வருகிறவர் அறியவேண்டும். இச்சிகிச்சைக்குப் பின் பெண்கள் 12 முதல் 18 மாதம் வரை கர்ப்பத்தைத் தள்ளிப் போடும்படி வைத்தியர்கள் சொல்லுகிறார்கள். இது துணைவரின் வாழ்வையும் தொடுகிற விஷயம். வேலையிடத்திலும் நம்பிக்கையான ஒருவரிடம் மட்டும் சொல்லி வைப்பது நல்லது. திடீரென்று மயங்கி விழுந்தாலோ, கடுமையான வயிற்று வலி கண்டாலோ, டாக்டருக்கு எடுத்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டுமல்லவா?

அப்படிச் சொல்லப்பட்டவரின் கடமை என்ன? ஒருவர் பேசிவிட்டுச் சுற்றுமுற்றும் திரும்பிப் பார்த்தால், அப்பேச்சே அமானிதமாகிவிடுகிறது என்ற ஹதீது அபூதாவூதிலும் திர்மிதியிலும் இருக்கிறது. “யாரிடமும் சொல்லாதீர்கள்” என்று அவர் வாயால் கேட்டிருக்கவேண்டும் என்பதுகூட இல்லை, பார்வையே போதும். சிறுவராயிருந்த அனஸ் (ரலி) அவர்களை நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு காரியமாக அனுப்பினார்கள். வீட்டுக்கு வரத் தாமதமானபோது தாயார் காரணம் கேட்டார்கள். அது இரகசியம் என்றார் மகன். தாயார் உம்மு ஸுலைம் (ரலி) கோபிக்கவில்லை. ரசூலுல்லாஹ்வின் இரகசியத்தை யாரிடமும் சொல்லாதே என்று மகனுக்கே உறுதி சொல்லிக் கொடுத்தார்கள். பெற்ற தாயே அந்தக் கதவைத் தட்டாமல் விட்டிருக்க, நாம் சிப்பந்தியின் தம்பியைக் கூப்பிட்டு, “உங்க அண்ணனுக்கு உண்மையிலேயே என்னப்பா?” என்று கேட்கலாமா?

நடைமுறையில் முதலாளிகளாகிய நாம் செய்யவேண்டியவை சில உண்டு. ஆஸ்பத்திரிச் சீட்டைக் கல்லாவின் மேல் போட்டு வைக்காமல், பேரேட்டைப் பூட்டுவது போல் பூட்டி வைக்கவேண்டும். கணக்கப்பிள்ளைக்குத் தேவை லீவு நாட்களின் எண்ணிக்கை, நோயின் பெயரன்று. கடையின் வாட்ஸ்அப் குழுவில், “இன்னாருக்கு வயிற்று ஆப்பரேஷன், துஆச் செய்யுங்கள்” என்று போடுவதற்கு முன் அவரைக் கேட்கவேண்டும். துஆவுக்குப் பெயர் தேவையில்லை, அல்லாஹ் அறிவான். நோயாளியைப் பார்க்கப் போவது முஸ்லிமுக்கு முஸ்லிம் செய்யவேண்டிய கடமைதான். ஆனால் போகலாமா என்று கேட்டுவிட்டுப் போவதும், போனால் நோயைத் துருவாமல் ஆறுதல் சொல்லி வருவதும் அக்கடமையின் அதபு.

கந்தூரியிலும் கல்யாணத்திலும் சஹனைச் சுற்றி உட்காரும்போது, ஒருவர் மூன்று கவளத்தோடு கையை எடுத்தால், “என்ன, எங்கள் சோறு பிடிக்கவில்லையா?” என்று அவர் பக்கம் கறியைத் தள்ளாதீர்கள். நம் உபசாரம் அவருக்கு வாந்தியும் வேதனையும் ஆகலாம். ரமலானில் ஒருவர் நோன்பு பிடிக்கவில்லையென்று தெரிந்தால், கடை நடுவே விசாரணை வைக்காதீர்கள். நோயாளிக்கு அல்லாஹ்வே சலுகை கொடுத்து, வேறு நாட்களில் கணக்கைத் தீர்க்க வழி வைத்திருக்கிறான். பாக்கி அவருக்கும் அவருடைய ரப்புக்கும் இடையிலுள்ளது.

சிகிச்சை செய்துகொண்ட சகோதர சகோதரிகளுக்கும் ஒரு வார்த்தை. மறைப்பது உங்களுக்கு உள்ள அனுமதி. வெட்கப்படவேண்டும் என்று பொருளன்று. பிணிக்கு மருந்து தேடியதில் இழிவில்லை. என்றைக்காவது உங்களைப் போலவே துன்பப்படும் ஒருவர் வந்து, தயங்கித் தயங்கி வழி கேட்டால், அவருக்குமட்டும் கதவைத் திறப்பதில் நன்மை இருக்கிறது. அதையும் நீங்களே தீர்மானியுங்கள். உங்களுக்காகத் தீர்மானிக்க ஊருக்கு உரிமையில்லை.

சகோதரர்களே! ஒரு முஸ்லிமின் மறைவைக் காப்பவனை இம்மையிலும் மறுமையிலும் அல்லாஹ் மறைத்துக் காப்பான் என்பது நமக்குச் சொல்லப்பட்ட நன்மாராயம். நம் ஒவ்வொருவரின் பேரேட்டிலும், பிறர் கண்டால் தலைகுனிய வேண்டிய பக்கங்கள் உண்டு. அவற்றை இதுநாள் வரை அவன் திறக்காமல் வைத்திருக்கிறான். அந்தத் தயவுக்கு நாம் கொடுக்கக்கூடிய சிறு வட்டம், நம்மிடம் வந்து சேர்ந்த ஒருவருடைய செய்தியை நம்மோடு மண்ணுக்குக் கொண்டுபோவதேயாகும்.

யா அல்லாஹ்! பிணியுற்றோருக்கு ஷிபாவைத் தருவாயாக! எங்கள் தராசுகளை நேராக்குவதுபோல் எங்கள் நாவுகளையும் நேராக்குவாயாக! எங்கள் குறைகளை மறைத்தருளி, பிறர் குறைகளை மறைக்கும் நல்ல மனத்தை எங்களுக்கும் தந்தருள்வாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.